தட்டணு கூடினால் தடுமாற வேண்டாம்



டெங்கிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணு குறையும், நமக்கெல்லாம் தெரியும். ஆனால் பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "தட்டணு கூடுதலா இருக்கு" என்று டாக்டர் சொன்னால்? பதறாதீர்கள். விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காயம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை நிறுத்துவது தட்டணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருப்பது வழக்கம். பிள்ளைகளுக்கு அது கூடினால் பெரும்பாலும் காரணம் சாதாரணமானதே: சளி, காய்ச்சல், புண், அல்லது இரும்புச் சத்துக் குறைவு. காரணம் தீர்ந்தால் எண்ணிக்கை தானே இறங்கிவிடும்.

எலும்பு மஜ்ஜையே அளவில்லாமல் தட்டணு உண்டாக்கும் நோயும் ஒன்று உண்டு. அது மிக அபூர்வம். ஆண்டுக்கு ஒரு கோடிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் வரும். பல மாதமாகியும் எண்ணிக்கை இறங்காவிட்டால்தான் அந்தச் சந்தேகம். அப்போது மரபணுச் சோதனை செய்வார்கள், மஜ்ஜையையும் பார்க்கலாம். 2005இல் கண்டறியப்பட்ட ஜாக்2 என்ற மரபணு மாற்றத்தைத் தேடுவார்கள். பல பிள்ளைகளிடம் அது இருப்பதில்லை.

சிகிச்சை என்ன? தொந்தரவு இல்லாத பிள்ளைக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். தவறாமல் சோதித்து வந்தால் போதும். ரத்தம் உறையும் ஆபத்து இருந்தால் சிறு அளவு ஆஸ்பிரின் தரலாம். மீறிப் போனால் ஹைட்ராக்ஸியூரியா, இன்டர்பெரான் போன்ற மருந்துகள் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்! ஆஸ்பிரினை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. சளிக்காய்ச்சல், அம்மை கண்ட பிள்ளைக்கு அது மூளையையும் ஈரலையும் தாக்கலாம். தட்டணு மிக அதிகமாக இருந்தால் ரத்தக் கசிவும் வரலாம்.

கடும் தலைவலி, பார்வை மங்கல், கை கால் பலவீனம், நிற்காத மூக்கு ரத்தம், விரல்களில் சிவந்து எரிச்சல், காரணமில்லாத வயிற்றுவலி — இவை கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கிராஞ்சியிலிருந்து ரயிலில் நியூட்டன் போய், அங்கே மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கினால், அருகிலேயே கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை. பழைய ரத்தச் சோதனைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று டாக்டருக்குச் சொல்வது அவைதான்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. முருங்கைக்கீரை, நெத்திலி, பருப்பு கொடுங்கள். சாப்பாட்டோடு பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டாம். அது இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது.