மாவீரர் படையும் அதன் வாசகரும்

ஒருவனையே தலைவனாகக் கொண்ட கதையைப் படித்தல் எளிது. அவன் செல்லும் வழியே நம் உள்ளமும் செல்லும். இருபதுக்கு மேற்பட்ட வீரர்கள் ஒருங்கே தோன்றும் கதையைப் படித்தல் அத்துணை எளிதன்று. எவர் எவ்விடத்தினர், எவர்க்கு எவ்வாற்றல் உண்டு, எவர்க்கும் எவர்க்கும் நட்பு என்பனவற்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு திங்களிற் படித்ததை அடுத்த திங்கள் வரையிலும் மறவாதிருக்க வேண்டும். இத்தகைய படக்கதை ஒன்று அமெரிக்க நாட்டில் தோன்றிப் பல்லாண்டுகள் நடைபெற்றது. 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' என்பது அதன் பெயர். அதனை 'மாவீரர் படை' என நாம் வழங்கலாம்.

இக்கதை 1958ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களுக்குரிய 'அட்வென்சர் காமிக்ஸ்' இதழில் முதன்முதலாக வெளிவந்தது. ஆட்டோ பைண்டர் என்பார் கதையை எழுதினார். ஆல் பிளாஸ்டினோ என்பார் படங்களை வரைந்தார். அவ்விதழின் கதைத்தலைவன் சூப்பர்பாய் என்னும் இளைஞன். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வாழவிருக்கும் இளைஞர் மூவர் காலத்தைக் கடந்து அவனிடம் வருகின்றனர். தம் குழுவிற் சேருமாறு அழைக்கின்றனர். அவனுக்குச் சில தேர்வுகளும் வைக்கின்றனர். அந்த ஒரு கதையோடு அம்மூவரும் மறைந்திருக்கக்கூடும். ஆனால், அவர்களை மீண்டும் காண விரும்பி வாசகர்கள் கடிதம் எழுதினர். ஆகவே 1959ஆம் ஆண்டில் அவர்கள் மீண்டும் வந்தனர். 1962ஆம் ஆண்டு முதல் அவ்விதழில் திங்கள்தோறும் இடம் பெற்றனர்.

அம்மூவருள் காஸ்மிக் பாய் காந்த ஆற்றல் உடையவன். சாட்டர்ன் கேர்ள் பிறர் உள்ளத்தில் உள்ளதை உணரவல்ல நங்கை. லைட்னிங் லாட் மின்னலை ஏவவல்லவன். பின்னர் வேறு பல உலகங்களிலிருந்து பலர் வந்து சேர்ந்தனர். ஒருவன் மலைபோல் வளர்வான். ஒருத்தி எறும்பினும் சிறியளாவாள். ஒருவன் பந்துபோல் துள்ளுவான். மற்றொருவன் இரும்பையும் கல்லையும் உண்டு செரிப்பான். பிறரிடம் இல்லாத ஓர் ஆற்றல் தன்னிடம் இருத்தல் வேண்டும் என்பது குழுவிற் சேர்வார்க்கு உரிய விதி. இவ்விதி கதைக்கும் வாசகர்க்கும் ஒருங்கே பயன்பட்டது. ஆற்றலே ஒவ்வொருவர்க்கும் அடையாளமாயிற்று. எனவே பலர் கூடிய படத்திலும் இன்னார் இவர் என அறிய முடிந்தது. ஒருவர் ஆற்றல் செல்லாத இடத்தில் மற்றவர் ஆற்றல் வேண்டப்பட்டமையால், தனியொருவரே எல்லாம் முடித்தார் என்னும் நிலையும் பெரும்பாலும் ஏற்படவில்லை.

குழுவிற் சேர வந்து தேர்வில் தவறியவர்களையும் ஆசிரியர்கள் மறந்தாரல்லர். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த கதை ஒன்றில் அத்தகைய ஐவர் தமக்கென ஒரு குழு அமைத்துக்கொள்கின்றனர். ஒருவன் கல்லாக மாறுவான். ஆனால் கல்லானபின் அசைய இயலாது. ஒருத்திக்கு இருளில் மட்டுமே வலிமை உண்டு. குளிரை உண்டாக்கும் போலார் பாய் என்பவனுக்கு அதனை அடக்கத் தெரியாது. தம்மை ஏலாதவர் என விலக்கிய படைக்கே அவர்கள் மறைவாக உதவி புரிகின்றனர். அப்போலார் பாய் பின்னாளில் அப்படையிற் சேர்ந்து அதன் தலைவனாகவும் ஆனான். முற்கதையை நினைவிற் கொண்ட வாசகர்க்கு அந்நிகழ்ச்சி எத்துணை மகிழ்ச்சி அளித்திருக்கும்!

நினைவின் பயனை விளக்க மற்றொரு கதையும் உண்டு. தம் தோழருள் ஒருவர் போரில் மாள்வர் என்பதைச் சாட்டர்ன் கேர்ள் முன்னரே அறிகிறாள். தானே மாள்வது என எண்ணி, சூழ்ச்சியால் தலைமையைப் பெற்று, மற்றவர் போருக்குச் செல்லாவண்ணம் தடுக்கிறாள். அதனை உணர்ந்த லைட்னிங் லாட் அவளை முந்திச் சென்று உயிர் துறக்கிறான். இது 1963 ஜனவரி இதழில் வந்தது. அவன் உயிரை மீட்க வேறொருவர் தம் உயிரைத் தர வேண்டும் என்னும் செய்தி அவ்வாண்டு செப்டம்பர் இதழில் வெளிப்படுகிறது. மின்னல் எவர்மீது பாயுமோ என அறியாமல், தோழர் சிலர் இடிமழையில் கோல் ஏந்தி நிற்கின்றனர். மின்னல் தன்மீதே பாயுமாறு சாட்டர்ன் கேர்ள் சிறப்பான கோல் ஒன்றைத் தேடிக்கொள்கிறாள். எனினும், இறந்து கிடந்தது அவளன்று. அவள் கருத்தை அறிந்து அவளுருவில் வந்து நின்ற 'புரோட்டி' என்னும் சிற்றுயிரே. ஜனவரி இதழை மறந்தவர்க்கு அவள் ஏன் அத்துணைத் துடித்தாள் என்பது விளங்காது.

வாசகர்கள் படிப்பதோடு நிற்கவில்லை. புதிய வீரர்களைப் படைத்து எழுதியனுப்பினர். படையின் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தனர். அவர்கள் காலத்துச் சிறுவருள் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஜிம் ஷூட்டர் ஒருவன். அவன் 1951ஆம் ஆண்டிற் பிறந்தவன். தந்தை எஃகுத் தொழிலாளி. வீட்டில் பணமுடை மிகுதி. பன்னிரண்டு வயதில் மருத்துவமனையில் தங்கியிருந்தபோது அவன் பல படக்கதை இதழ்களை ஒப்பிட்டுப் படித்தான். சில கதைகள் உள்ளத்தைக் கவர்வதும் சில கவராததும் ஏன் என ஆராய்ந்தான். பின்னர் மாவீரர் படையின் கதை ஒன்றைத் தானே எழுதிப் படங்களும் வரைந்து ஆசிரியர்க்கு அனுப்பினான். குடும்பத்திற்குப் பொருள் ஈட்டித் தர வேண்டும் என்பது அவன் நோக்கம். அக்கதை 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அவனுக்கு வயது பதினான்கு!

அக்கதையில் நால்வர் புதியராகப் படையிற் சேர்கின்றனர். அவருள் ஒருவன் வஞ்சகன். அவன் எவன் எனக் கண்டறிதல் கதையின் சுவை. மற்றொருவன் தன் உடலை இரும்பாக்கிக்கொள்ளும் பெரோ லாட். சில திங்களில், 1967 பிப்ரவரி இதழில், கதிரவர்களை விழுங்கிவரும் பேரிருள் முகில் ஒன்று உலகை நெருங்குகிறது. அதன் நடுவில் வெடிகுண்டைக் கொண்டுசேர்க்க வேண்டும். வலிமை குன்றிய நிலையிலும் சூப்பர்பாய் செல்ல முனைகிறான். பெரோ லாட் அவனை அடித்து விலக்கிவிட்டுத் தானே குண்டுடன் சென்று மாள்கிறான். அக்கதைவரிசையில் அவன் மீண்டும் உயிர்பெற்று வரவில்லை. பெருங்குழுவில் ஒருவன் இறந்தால் எண்ணிக்கை குறைவதன்றி வேறென்ன என்பார் உளர். சில திங்கள் அவனுடன் பழகிய வாசகர்க்கோ அது நண்பன் ஒருவனின் இழப்பாக இருந்தது.

1994ஆம் ஆண்டில் மாவீரர் படையின் கதை மீண்டும் முதலிலிருந்து தொடங்கப்பட்டது. பின்னரும் அவ்வாறு நிகழ்ந்தது. இதனால், எந்நிகழ்ச்சி எவ்வரிசையைச் சார்ந்தது என அறிதலும் வாசகர் கடமையாயிற்று. ஷூட்டர் பின்னாளில் 'மார்வெல்' நிறுவனத்தின் தலைமையாசிரியராக 1978 முதல் 1987 வரை பணியாற்றினார்; 2025ஆம் ஆண்டில் மறைந்தார்.

பலர் வாழும் கதையைப் படிப்பவர் அப்பலரையும் தனித்தனியே அறிதல் வேண்டும். முன்னிற்பவனை மட்டும் நோக்கிப் பின்னிற்பவனை மறந்தால் கதை விளங்காது. பந்துபோல் துள்ளுபவனையும் தேர்வில் தவறியவனையும் மறவாது நினைத்தவர்க்கே அக்கதை முழுதும் கிடைத்தது. அவ்வாறு ஊன்றிப் படித்த சிறுவன் ஒருவனுக்கு அப்படிப்பே தொழிலும் ஆயிற்று. குடும்பத்தின் குறை தீர்க்கும் வழியும் ஆயிற்று.