கரிசல் சகதியில் கருகும் கிளட்ச்: 'ஹெவி' செட் போட்டால் தீருமா?

மார்கழி, தை மாதங்களில் உளுந்தும் பாசியும் களத்தில் கிடக்கும்போது ஒரு மழை பெய்துவிட்டால், கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் வட்டாரச் சம்சாரிகளுக்கு இரண்டு கவலைகள். ஒன்று தானியம். மற்றொன்று, அதை ஏற்றிவர பிஞ்சைக்குள் இறக்கிய பிக்-அப் வண்டி. மேலே காய்ந்தது போல் தெரியும் கரிசல், லோடு ஏறியதும் உள்வாங்கும். ஆஃப் கிளட்சில் உறுமிக்கொண்டே கிடந்தால் சற்று நேரத்தில் கருகல் வாடை வரும். அடுத்த வாரம் வண்டி பட்டறையில் நிற்கும். "இந்தத் தடவை ஹெவியா ஒரு செட் போட்டுருங்க" என்பதுதான் முதல் பேச்சு.

பணத்தை எடுத்து வைக்கும் முன், பழைய பிளேட் ஏன் போனது என்று பார்ப்பது நல்லது.

கிளட்ச் பிளேட் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் நெருக்கப்பட்டு, இன்ஜின் விசையை கியர் பாக்சுக்குக் கடத்துகிறது. முழுதாகப் பிடித்தபின் அதில் தேய்மானம் இல்லை. பாதி பிடித்த நிலையில்தான் தேய்கிறது. கரிசல் மண்ணில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் களி, நீரை இழுத்து உப்பி, டயர் பட்டன்களுக்கு இடையே அப்பிக்கொள்ளும். சக்கரம் அசையாது, இன்ஜின் சுற்றும். நடுவில் உள்ள விசை முழுவதும் பிளேட்டில் சூடாக இறங்கும். ஃபிளைவீலில் நீலத் திட்டுகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

பிளேட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் கதை வேறு. கிராங்க் ஷாஃப்டின் பின் சீலோ கியர் பாக்ஸ் சீலோ ஒழுகுகிறது. அதை மாற்றாமல் எவ்வளவு விலை உயர்ந்த செட் போட்டாலும் வழுக்கவே செய்யும். பெடலில் விளையாட்டு இல்லாமல் இறுகியிருப்பதும், ஓட்டும்போது பெடல் மேலேயே காலை வைத்திருப்பதும் அடுத்த காரணங்கள்.

சரி, ஹெவி செட் என்ன செய்யும்? ஸ்பிரிங் அழுத்தம் கூடும். அதனால் பிடிப்பு கூடும். பெடலும் கனக்கும், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷருக்குக் கூடுதல் சுமை. செராமிக் பட்டன் வைத்த பிளேட் சூட்டைத் தாங்கும், உண்மைதான். ஆனால் அது மெல்ல மெல்லப் பிடிக்காது, வெடுக்கென்று பிடிக்கும். சகதியில் தேவைப்படுவது மெதுவான பிடிப்பு. வெடுக்கென்று பிடித்தால் டயர் ஒரே சுற்றில் குழி பறித்துவிடும். மேலும், பாரம் மிஞ்சும்போது வழுக்கி விட்டுக்கொடுப்பது கிளட்ச்தான். அது விட்டுக்கொடுக்காவிட்டால் உடைவது கிராஸ் ஜாயின்ட், அல்லது கிரவுன்-பினியன். செலவு எது அதிகம் என்று மெக்கானிக்கிடமே கேட்டுப் பார்க்கலாம்.

பாரக் கணக்கையும் மறைக்க வேண்டாம். ஒன்றரை டன் வண்டியில் நூறு கிலோ மூட்டை 25 ஏற்றினால் ஒரு டன் கூடுதல். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். இரண்டு நடை போவதற்கான டீசல் அதைவிடக் குறைவு.

பெரும்பாலான சம்சாரிகளுக்கு, வண்டிக் கம்பெனியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்கும் அசல் செட்டே போதும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பேரிங்கில் மிச்சம் பிடித்தவர்கள் மூன்றே மாதத்தில் மறுபடி கியர் பாக்சை இறக்கியதுண்டு. ஃபிளைவீல் முகத்தை லேத்தில் சமப்படுத்துவதைத் தவிர்க்காதீர்கள். புது பிளேட் முகம் படிய முதல் 500 கிலோமீட்டர் பாரத்தைக் குறைத்து ஓட்டவும். எந்நாளும் மலைப்பாதையில் முழு லோடு ஏற்றும் வாடகை வண்டி என்றால் மட்டும், அதே கம்பெனியின் கூடுதல் பார மாடலுக்குரிய செட் பொருந்துமா என்று கேட்கலாம். விட்டமும் ஸ்ப்லைன் பற்களும் ஒத்துப்போக வேண்டும்.

காட்டுக்குள் செய்ய வேண்டியது வேறு. மழைக்குப் பின் பிக்-அப்பைப் பிஞ்சைக்குள் இறக்காமல், டிராக்டர் டிரெய்லரில் மூட்டையைச் சரள் பாதை வரை கொண்டுவந்து மாற்றுவதே லாபம். மாட்டிக்கொண்டால் இரண்டு முயற்சிக்கு மேல் வேண்டாம். டயர் முன் மண்ணை வெட்டி, பருத்திமாரையோ சோளத்தட்டையையோ திணித்து, முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு மெதுவாக நகர்த்தவும். நகராவிட்டால் பாரத்தை இறக்குங்கள், டிராக்டரை அழையுங்கள். கயிற்றை பம்பரில் அல்ல, இழுவைக் கொக்கியில் கட்ட வேண்டும்.

கிளட்ச் தேய்ந்துவிட்டதா என்று வீட்டிலேயே அறியலாம். சமமான தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில், நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தவும். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. இதை அறுவடைக்கு முன்பே, ஐப்பசியில் பார்த்துக்கொண்டால் பட்டறையில் பேரம் பேச நேரம் இருக்கும்.