துடிப்பைக் காவல் காக்கும் வீடுகள்

வால்வு மாற்றியவர் வீடு திரும்பிய பிறகு அவர் இதயத்தைக் கவனிப்பது யார்? கைக்கடிகாரமா, மனைவியின் காதா, எப்போதோ வரும் ஓ.பி. சீட்டா?

விசிறியும் கூலரும் ஓய்ந்துவிட்ட தில்லியின் ஜனவரி இரவுகளில், இயந்திர வால்வு பொருத்தப்பட்டவரின் அருகே படுத்திருப்பவருக்கு ஒரு சத்தம் கேட்கும். தலையணைக்கடியில் பழைய கடிகாரத்தை வைத்ததுபோல டிக், டிக். முதல் சில நாட்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அப்புறம் பழகிவிடும். ஆனால் காதை முழுக்கப் பழக்கிவிடவும் கூடாது. சத்தம் மங்கினாலோ நின்றுபோனாலோ வால்வில் ரத்தம் உறைந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய அறிகுறி அது. சத்தம் தாறுமாறாக விழுந்தால் இதயத்தின் தாளம் பிசகியிருக்கிறது என்று பொருள்.

தாளத்தைக் கவனிக்க இப்போது கருவிகள் வந்துவிட்டன. நடமாடும் மனிதரின் இ.சி.ஜி.யைப் பதிவு செய்ய அமெரிக்கர் நார்மன் ஹோல்டர் 1940களின் இறுதியில் உருவாக்கிய முதல் கருவியின் எடை சுமார் 38 கிலோ. முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. இன்று அதே வேலையின் ஒரு பகுதியைக் கைக்கடிகாரம் செய்கிறது. ஆப்பிள் கடிகாரத்தின் இ.சி.ஜி. வசதி இந்தியாவுக்கு 2019ல் வந்தது. செல்போனோடு இணையும் சிறு பட்டைகளும் உண்டு. விரலை 30 விநாடி வைத்தால் போதும், ஒரு கோடு வரைந்து தந்துவிடும்.

இது வெறும் பணக்கார விளையாட்டு அல்ல. வால்வு அறுவைக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்காவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கேடு தலைகாட்டும். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். தேங்கும் ரத்தம் உறையும். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். பெரும்பாலும் இது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், மருத்துவமனைப் படுக்கையிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்குப் போன பிறகு வருவதுதான் தப்பிவிடுகிறது. இதய அறுவை செய்துகொண்ட 336 பேரை வைத்து நடந்து 2021ல் வெளியான ஓர் ஆய்வில், மார்பில் ஒட்டிய பட்டையால் 30 நாட்கள் இடைவிடாமல் கவனிக்கப்பட்டவர்களில் 19.6 சதவீதத்தினருக்கு ஆறு நிமிடமோ அதற்கு மேலோ நீடித்த தாளக்கேடு பிடிபட்டது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 1.7 சதவீதம்தான்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே தில்லிக்குக் கொண்டுவர முடியாது. மேல்நாட்டில் வால்வு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களுக்குப் பசு அல்லது பன்றியின் திசுவால் ஆன வால்வு. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து ஆயுள் முழுக்கத் தேவைப்படாது. கடிகாரம் தாளக்கேட்டைக் கண்டுபிடித்தால் அந்த மருந்தைத் தொடங்கலாமா என்ற முடிவே மாறும். எய்ம்ஸிலும் ஜி.பி. பந்த் மருத்துவமனையிலும் வரிசையில் நிற்பவர்களில் பலரோ பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகிற நடுத்தர வயதைக்கூட எட்டாத பெண்கள். சிறு வயதில் வந்த தொண்டைப் புண், அதைத் தொடர்ந்த ருமாட்டிக் காய்ச்சல், அதனால் சுருங்கிப்போன மைட்ரல் வால்வு. பலருக்கு அறுவைக்கு முன்பே தாளம் கெட்டிருக்கும். பொருத்தப்படுவது இயந்திர வால்வு. அந்த வகையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் டாக்டர் வலியத்தான் குழு மூன்று மாதிரிகள் தோற்ற பிறகு உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வு மட்டும் இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் போயிருக்கிறது.

இயந்திர வால்வுக்காரர்கள் எப்படியும் ஆயுள் முழுக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிட வேண்டும். அவர்களுக்குக் கடிகாரம் புதிதாகச் சொல்வது குறைவு. துடிப்பின் வேகம் கட்டுக்குள் இருக்கிறதா என்று தெரியும், அவ்வளவே. அவர்கள் உயிரைக் காப்பது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எண். மைட்ரல் இயந்திர வால்வுக்கு அது பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். குளிர்காலம் வந்ததும் தில்லி வீடுகளில் கடுகுக் கீரையும் பத்துவாவும் வெந்தயக் கீரையும் தினமும் கொதிக்கும். கீரையின் வைட்டமின் கே மருந்தோடு மல்லுக்கு நிற்கும், எண் சரியும். கீரையே கூடாது என்பதில்லை. ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்பதுதான் விஷயம், ஆனால் சீட்டில் அதை எழுத இடம் இருப்பதில்லை. பரிசோதனை வேண்டாத புது மருந்துகளுக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இயந்திர வால்வுக்காரர்களிடம் டபிகட்ரானைச் சோதித்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது; உறைவு, கசிவு இரண்டும் அதிகமானதால். முடிவு வெளியானது 2013ல்.

ஆகவே கடிகாரத்துக்கு 40 ஆயிரம் ரூபாய் செலவழிக்க யோசிக்கும் குடும்பம், முதலில் ஐ.என்.ஆர். பரிசோதனை தவறாமல் நடக்க வழி பண்ணட்டும் என்பதே என் கட்சி. தாளம் பார்க்க விரல் போதும். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கும் குறுக்கு வழி ஒழுங்கற்ற துடிப்பில் உதவாது.

இன்னொரு சிக்கல் மொழியில் இருக்கிறது. தமிழில் 'படபடப்பு' என்றால் பயமும் ஆகும், வேகமாக அடிக்கும் நெஞ்சும் ஆகும். தில்லி நோயாளி சொல்லும் 'கப்ராஹட்'டும் அப்படியே. இரண்டையும் மொழிபெயர்க்கும்போது எது என்று கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பயம் என்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் பெண்களின் கப்ராஹட்தான். அங்கே அந்த 30 விநாடிக் கோடு ஒரு சாட்சி. படபடக்கும்போதே எடுத்துவிட்டால் டாக்டர் ஊகிக்க வேண்டியதில்லை.

சாட்சிக்கும் எல்லை உண்டு. அயோர்டிக் வால்வு மாற்றத்துக்குப் பின், குறிப்பாகத் தொடை வழியே குழாய் செலுத்திப் பொருத்தும்போது, சிலருக்கு இதயத்தின் மின்பாதை தடைபட்டுத் துடிப்பு குறைந்துபோகும், பேஸ்மேக்கர் தேவைப்படலாம். மயங்கி விழுந்தவர் கடிகாரத்தில் விரல் வைக்க முடியாது. தலைசுற்றல், கண் இருட்டல் என்றால் ஹோல்டரோ மார்புப் பட்டையோதான் வேண்டும்.

எடுத்த கோட்டைப் படிப்பது யார்? 2019ல் எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தொடங்கிய 'மிஷன் தில்லி' மாரடைப்புக்கானது. மோட்டார் சைக்கிளில் செவிலியர்கள் வந்து வீட்டிலேயே இ.சி.ஜி. எடுத்து எய்ம்ஸ் மருத்துவருக்கு அனுப்பினார்கள். அது எட்டியது எய்ம்ஸைச் சுற்றி 3 கிலோ மீட்டர். வால்வு நோயாளி தர்பங்காவில் இருக்கிறார், ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால். அவர் கோட்டை வாட்ஸ்அப்பில் ஏதோ ஓர் எண்ணுக்கு அனுப்பி, நீல நிறக் குறி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே எந்த எண்ணுக்கு அனுப்புவது, யார் பார்ப்பார், பதில் வராவிட்டால் ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அனுப்பும்போது தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு ஆகிய நான்கையும் சேர்க்க வேண்டும். பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை தளர்ந்தாலோ கோடு எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.