சொட்டுச் சொட்டாய் வளரும் கல்

அந்தமானின் பாராடாங் தீவுக்குப் போனால் சுண்ணாம்புக்கல் குகையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியே வாகனங்கள் காவலோடு வரிசையாகத்தான் செல்லும். நடுவில் நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. பிறகு படகு. கடைசியில், அலையாத்தி மரங்கள் இருபுறமும் கவிந்து நடுப்பகலிலும் நிழல் விழும் ஒடுங்கிய ஓடை. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் குகை.

உள்ளே விளக்கை உயர்த்திப் பாருங்கள். கூரையிலிருந்து ஆலம் விழுதுபோல் கல் தொங்கும்; அதன் நுனியில் ஒரு நீர்த்துளி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று, லேசான அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது. கசிந்து சொட்டும்போது சுண்ணாம்பைப் படியவிட்டுப் போகிறது. அந்த விழுது ஒரு சென்டிமீட்டர் நீள நூறு ஆண்டுகள்கூட ஆகலாம்!

விரலின் எண்ணெய்ப்பசை பட்டாலே அதன் வளர்ச்சி கெட்டுவிடும். அதனால் கண்ணால் மட்டும் பாருங்கள், தயவுசெய்து தொடாதீர்கள். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை.