மெக்சிகோ விருந்தாளியும் நம்ம ஊர் வெயிலும்



தலைமை ஆசிரியர் அறை வாசலில் இருக்கும் மீன் தொட்டியில் இப்போ ஒரு வெப்பமானி தொங்குவதைப் பார்த்திருப்பீங்க. "மீனுக்குக் காய்ச்சலாக்கா?" என்று ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அவன் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. அந்த வெப்பமானி ஏன் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால், போன வருஷம் திருச்சியில் எங்க அத்தை வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளியைப் பற்றிச் சொல்லணும்.

அதன் பெயர் ஆக்ஸலாட்டல். தண்ணீருக்குள்ளேயே இருக்கும், ஆனால் மீன் இல்லை. தவளை, தேரை மாதிரி இருவாழ்வி. நாலு கால், நீளமான வால், தலைக்கு இரண்டு பக்கமும் இறகு சொருகின மாதிரி மும்மூன்று செவுள்கள். வாய் எப்பவும் சிரிக்கிற மாதிரியே இருக்கும். தலைப்பிரட்டை வளர்ந்தால் செவுளை விட்டுவிட்டுக் கரைக்கு வருகிறது அல்லவா? ஆக்ஸலாட்டல் பெரிசானாலும் செவுளோடு தண்ணீரிலேயே இருந்துவிடும். கால் அறுந்து போனால்கூட மறுபடி முளைக்கும்! 2021-ல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் இது வந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்க அத்தை பையன் அடம் பிடித்தான். மாமா பிப்ரவரி மாதம் ஒரு கலர் மீன் கடையில் விரல் நீளக் குட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். "கோல்டு ஃபிஷ் மாதிரிதான் சார், ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாராம் கடைக்காரர். அங்கேதான் தப்பு நடந்தது.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய ஸோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். அட்லஸை எடுத்துப் பாருங்க. மெக்சிகோ நகரமும் நம்ம மும்பையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 19 டிகிரி வடக்கு. அப்போ அங்கேயும் வெயில் கொளுத்தணுமே என்று நானும் நினைத்தேன். சமூக அறிவியல் டீச்சர்தான் "உயரத்தைப் பார்" என்றார். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம ஊட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான்! அதனால் ஆக்ஸலாட்டலுக்குப் பிடித்தது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் தண்ணீர். 24-ஐத் தாண்டினால் அவதிப்படும். அது சொந்த ஊரிலேயே அழிந்துகொண்டு வருவது வேறு கதை. 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கெடுத்தார்கள், 2014-ல் வெறும் 36. காரணம் ஏரியில் கலந்த கழிவு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும்.

சரி, தண்ணீர் சூடானால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் இடி. இந்தப் பிராணிகளுக்கு நம்மைப் போல ஒரே உடம்புச் சூடு கிடையாது, தண்ணீர் எவ்வளவோ உடம்பும் அவ்வளவு. சூடு ஏற ஏற உடம்பு வேகமாக வேலை செய்து அதிக ஆக்சிஜன் கேட்கும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 10 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரைதான். தேவை கூடும்போது வரவு குறைகிறது (எங்க வீட்டு மாதக் கடைசி மாதிரி). மிஞ்சின தீனியும் சூட்டில் சீக்கிரம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

மார்ச் கடைசியில் அந்தக் குட்டி மண்புழுவைச் சாப்பிட மறுத்தது. செவுள்கள் முன்பக்கம் சுருண்டன. தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. முழுப் பரீட்சை முடிந்து நான் அத்தை வீட்டுக்குப் போனபோது, "நீதான் சயின்ஸ்ல நல்லா மார்க் வாங்குவியே, ஏதாவது சொல்லு" என்றார் மாமா.

எனக்கு எங்க பாட்டியின் மண்பானைதான் ஞாபகம் வந்தது. பானையில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். "பானை வேர்த்தாத்தான் தண்ணி குளுரும்" என்று பாட்டி சொல்லும். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டோம். டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல்பரப்பை உரசுகிற மாதிரி வைத்தோம். லைட்டை அணைத்து, மூன்று பக்கமும் தெர்மாகோல் ஒட்டினோம். மறுநாள் 28! எனக்குப் பெருமை தாங்கலை. ஆனால் அதற்குக் கீழே ஒரு டிகிரிகூட இறங்கவில்லை.

ஏன் என்பது பள்ளி திறந்த பிறகுதான் புரிந்தது. அறிவியல் டீச்சர் இரண்டு வெப்பமானி கொடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறச் சொன்னார். சும்மா இருந்தது 36 காட்டியது, ஈரத்துணி சுற்றியது 26. அந்த 26-தான் அன்றைய எல்லை. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஆவியாதலால் தண்ணீரை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. காற்றில் ஈரம் கூடினால் இந்த எல்லையும் மேலே ஏறும். மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் சில்லென்று ஆகாதது இதனால்தான். அப்போ நம்ம ஊர் வெயிலில் ஃபேனை மட்டும் நம்பி 18-ஐத் தொடவே முடியாது.

ஐஸ் போடலாமே என்பீங்க. போட்டோம். ஐஸ் கட்டியை நேரடியாகப் போடக் கூடாது, குழாய்த் தண்ணீரின் குளோரின் கலந்துவிடும். பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி, உறைய வைத்து, மூடியோடு மிதக்க விடணும். இடம் விடாவிட்டால் உறையும்போது விரிந்து பாட்டில் வெடிக்கும். இப்போ கணக்கு. தொட்டியில் 40 லிட்டர், மூணு குடத் தண்ணீர். 30-லிருந்து 18-க்கு இறக்க 40 × 12 = 480 கிலோ கலோரி வெளியேறணும். ஒரு கிலோ ஐஸ் உருக 80, உருகின தண்ணீர் 18 டிகிரிக்கு வர இன்னும் 18, ஆக 98. அப்படியானால் ஐந்து பாட்டில். அத்தை வீட்டு ஃப்ரீசரில் இரண்டுதான் பிடிக்கும். அந்த இரண்டைப் போட்டால் 24 வரை வரும், நாலு மணி நேரத்தில் மறுபடி 28. இப்படி ஏறி இறங்குவதே அதற்கு இன்னொரு தொந்தரவு. ஒரு டப்பாவில் விட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று அத்தை பையன் சொன்னான். "தோசை மாவுக்குப் பக்கத்திலயா?" என்று அத்தை போட்ட சத்தத்தில் அவன் அப்புறம் வாயே திறக்கலை. தொட்டிக்கென்றே சில்லர் என்று ஒரு மெஷின் இருக்கிறது, குட்டி ஃப்ரிட்ஜ் மாதிரி. விலை பல ஆயிரம் ரூபாய். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் இரண்டு நாள் வெளியூர் போனோம். பாட்டில் மாற்ற ஆளில்லை, ஃபேனையும் யாரோ அணைத்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறோம். யார் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீர் 32. குட்டி அடியில் அசையாமல் கிடந்தது. வாய் மட்டும் அப்பவும் சிரித்த மாதிரியே இருந்தது. அத்தை பையன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அதே கோடையில் நம்ம பள்ளித் தொட்டியிலும் இரண்டு கோல்டு ஃபிஷ் செத்தது ஞாபகம் இருக்கா? கோல்டு ஃபிஷ்ஷும் குளிர்ந்த தண்ணீர் மீன்தான், ஆனால் ஆக்ஸலாட்டலைவிடச் சூடு தாங்கும். அதற்கு 18 தேவையில்லை, 28-க்குள் வைத்துக் காற்றுப் பம்பு ஓடினால் சமாளித்துக்கொள்ளும். அத்தை வீட்டில் தோற்ற ஃபேன் இங்கே ஜெயிக்கும்! மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். உடனே சொல்லுங்க. அப்போ தீனி போடாதீங்க, பாவம் என்று பிஸ்கட் தூளும் போடாதீங்க. ஆவியாகிற தண்ணீருக்குப் பதில், ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் ஊற்றணும்.

போன திங்கள்கிழமை மதியம் தொட்டி 31 காட்டியது. பழைய டேபிள் ஃபேன் ஒன்றை வைத்த பிறகு இரண்டு நாளாக 28. கோடை விடுமுறையில் காலையும் சாயங்காலமும் வந்து அளவு பார்த்து நோட்டில் எழுத, பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் வந்து பெயர் கொடுங்க. இதுவரை மூணு பேர் கொடுத்திருக்கிறார்கள், காய்ச்சல் கேள்வி கேட்ட தம்பியும் அதில் ஒருவன்.