நிற்க மறுக்கும் துணி உலர்த்தி

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் முடியப் பெய்யும் மழை சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்டது. அந்நான்கு மாதங்களில் தாராவியின் ஓரறை வீடாயினும், மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் அடுக்குமாடி வீடாயினும், துணி காய்வது பெரும்பாடு. கொடி கட்டியும் பயன் காணாத வசதியுள்ள இல்லங்களில் மின்சார உலர்த்தி இடம்பெறுகிறது. ஏறத்தாழ ஒன்றரை மணியில் ஓய வேண்டிய அப்பொறி நான்கு மணியாகியும் சுழன்றுகொண்டிருப்பின், நிறுத்தும் உறுப்பு பழுதுற்றது என்றே வீட்டார் முடிவு செய்கின்றனர். பல சமயங்களில் அது தவறு. துணி இன்னும் உலரவில்லை என்று பொறி கருதுவதாலேயே அது ஓயாதிருக்கிறது.

5 கிலோ துணி, இயந்திரத்தில் பிழியப்பட்ட பின்னரும் 3 கிலோ அளவு நீரைத் தாங்கியிருக்கக்கூடும். இந்நீரை ஆவியாக்க மட்டும் 2 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆவியான நீர் எங்கே செல்கிறது? 10 அடி நீளமும் அகலமும் உயரமும் உள்ள அறையின் காற்று, 28 டிகிரி செல்சியஸில் சுமார் 770 கிராம் நீராவியையே தாங்கும். ஈரப்பதம் 85 விழுக்காடாயின் அதில் 650 கிராம் முன்னரே நிறைந்துள்ளது. எஞ்சிய இடம் ஏறக்குறைய 115 கிராமுக்குத்தான். பொறியின் சூட்டால் அறை வெதுவெதுப்பாகி இவ்விடம் சற்றுப் பெருகினும், ஆழாக்கில் மரக்கால் நெல்லை அளக்க இயலாது. வெளியேற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே விடாமல் குளியலறைக்குள்ளேயே விட்டுவைத்தால், பொறி தான் விட்ட மூச்சையே மீண்டும் இழுக்கிறது.

வெளிக்காற்றே ஈரமாயிற்றே, பொறி என்ன செய்யும் எனச் சிலர் வினவுவர். அக்காற்றை 60 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் ஈரப்பதம் 16 விழுக்காடாகக் குறைந்துவிடும். ஆதலின் மழையைக் குறைகூறிப் பயனில்லை. நீராவியைக் குளிர்வித்துத் தொட்டியில் சேர்க்கும் வகைப் பொறிகளுக்குக் குழாய் வேண்டா. ஆயினும் மூடிய அறையின் வெப்பத்தில் அவையும் தளர்ந்துபோகும்.

உலர்ந்ததைப் பொறி எவ்வாறு அறிகிறது என்பது சுவையான செய்தி. பழைய அமைப்பில், காற்று குறித்த வெப்பத்தை அடைந்து தெர்மோஸ்டாட் சூட்டைத் துண்டிக்கும்போது மட்டுமே காலக்கருவி நகரும். சூடேற்றும் கம்பிச்சுருள் அறுந்திருந்தால் அவ்வெப்பம் எட்டப்படுவதே இல்லை. காலக்கருவி நின்ற இடத்திலேயே நிற்க, உருளை மட்டும் குளிர்காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும். ஓயாத பொறியில் முதலில் ஐயுற வேண்டியது சூட்டையே. புதிய பொறிகளில் உருளைக்குள் இரு உலோகப் பட்டைகள் உள்ளன. ஈரத்துணி இரண்டையும் தொடும்போது சிறு மின்னோட்டம் பாயும். துணி உலர உலர அது குறையும். பட்டைகளின் கம்பிகள் ஒன்றோடொன்று பட்டுவிட்டால், காய்ந்த துணியும் ஈரமாகவே பொறிக்குத் தோன்றும். பட்டைகளின்மீது அழுக்குப் படலம் படிந்தாலோ விளைவு நேர்மாறு: துணி காயுமுன்னரே பொறி நின்றுவிடும்.

சோதனை எளிது. துணியின்றி, 20 நிமிடம் என நேரம் குறித்து ஓட்டுக. குறித்த வேளையில் நின்றால் காலக்கருவி நலமே. குறையைச் சூட்டிலோ, காற்றோட்டத்திலோ, பட்டைகளிலோ தேடலாம். நிற்காவிடில் காலக்கருவியோ அதன் மின்தொடர்போ பழுது. கதவைத் திறந்தும் உருளை சுழன்றால் ஸ்விட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என ஐயுறலாம். உடனே சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்துப் பிளக்கை அகற்றி, மின்பணியாளரை அழைப்பதே தக்கது. மூடியைக் கழற்றிப் பார்க்கும் துணிவு இங்கு வேண்டா.

வடிகட்டியில் சேரும் பஞ்சுத் தூசைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அது காற்றை மறிக்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் கட்டடம் ஒன்றில் மூண்ட தீ, பழுதுற்ற துணி உலர்த்தியிலிருந்து எழுந்ததே. ஓயாத பொறியை ஓடவிட்டு உறங்கச் செல்வதும், வீட்டைப் பூட்டிச் செல்வதும் கூடா. வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டப் பொறி தேவையில்லை. ஒரே அளவு நனைத்த இரு கைக்குட்டைகளில் ஒன்றை மூடிய தகரப் பெட்டியிலும், மற்றொன்றைக் காற்றோட்டமுள்ள சன்னலோரத்திலும் தொங்கவிட்டு, மணிக்கொருமுறை எடையிட்டு, மாணவர்களையே கரும்பலகையில் எழுதச் செய்யலாம்.