கூம்பும் கயிறும்: பாய்க்கப்பல் மாதிரிக்குத் தமிழ் தரும் சான்றுகள்

திருவாமாத்தூரிலிருந்து பார்ப்போர்க்குக் கடல் தொலைவு எனத் தோன்றலாம். ஆயினும், சங்ககால எயிற்பட்டினம் என அறிஞர் கருதும் மரக்காணம் நம் விழுப்புரம் மாவட்டத்துக் கரையில்தான் உள்ளது. எனவே, பழங்காலப் பாய்க்கப்பலின் மாதிரியைச் செய்ய விழையும் நம் மாணவர்க்கு அது அயலார் பொருளன்று.

கப்பலின் உடலை மரத்தால் அமைப்பது எளிது; கயிறுகளைப் பிழையின்றி அமைப்பதே அரிது. மரம் ஓரளவு நிலைத்து நிற்கும். தென்னை நாரும் பருத்தியும் மட்கிப்போம். கயிறுகள் இரு வகையின. ஒருவகை கூம்பாகிய பாய்மரத்தை நிலைநிறுத்தும். மற்றொன்று பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவும். இவற்றை அறிய மூன்று சான்றுகள் உள.

முதலாவது இலக்கியம். பெருங்கலம் கூம்பையும் மீப்பாயையும் களையாமலே காவிரி முகத்துட் புகுந்ததைப் புறநானூற்று 30ஆம் பாடல் வியந்துரைக்கிறது. களைவதே வழக்கமெனில், கூம்பு அசைக்க இயலாதவாறு பொருத்தப்பட்டிருக்க முடியாது. அவிழ்க்கத்தக்க கயிறுகளே அதனைத் தாங்கியிருக்கும் எனக் கருத இடமுண்டு. புயலில் கயிறு அறுந்து, இதை எனும் பாய் சிதைந்து, கூம்பு முறிவதை மதுரைக்காஞ்சி காட்டுகிறது.

இரண்டாவது ஓவியமும் காசும். சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இருமரக் கப்பல் உண்டு. ஆனால் அச்சிறு பரப்பில் முடிச்சுகள் புலப்படா. அசந்தா ஓவியம் ஒன்றைக் கொண்டே 'கௌண்டின்யா' என்னும் தைத்த கப்பல் உருவாக்கப்பட்டு, 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. வரைபடம் ஏதும் எஞ்சாமையால், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் மாதிரியை நீரில் சோதித்து உதவினர்.

மூன்றாவது வாழும் சொல். பாய் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயை இழுத்துக் கட்டுவது தாமான். ஒவ்வொரு பெயரும் ஒரு கயிற்றின் தொழிலைச் சுட்டுகிறது. நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் மரக்காயர்களும் கரையோரப் பரதவர்களும் வழிவழியாகக் காத்த செல்வம் இது. பாய்கள் மறைந்து பொறிகள் வந்தபின் இச்சொற்களை அறிந்தோர் அருகி வருகின்றனர்.

மாதிரியை 50இல் ஒரு பங்காகச் செய்தால், 25 மில்லிமீட்டர் கயிறு அரை மில்லிமீட்டர் நூலாகும். நூலைக் கடையில் வாங்கலாம். அதன் பெயரையும் கட்டும் முறையையும் முதியோரிடமே பெற இயலும். விடுமுறையில் கரையூர்களுக்குச் செல்லும் மாணவர், ஏட்டுடன் செல்வாராக. பெரியோரும் தாம் அறிந்தவற்றை உரைப்பாராக. அச்சொற்கள் மறையுமாயின், நாம் செய்யும் கப்பல் பொம்மையாகவே நிற்கும்.